காரணம் என்கிற கட்டம்

விபத்துப் பதிவேடு என் மேசையில்தான் இருக்கும்.
நீல அட்டை, முதுகில் பிரவுன் டேப், எட்டுக் கட்டங்கள்.
பெயர், டோக்கன் நம்பர், தேதி, நேரம்,
எந்த மெஷின், எந்த உறுப்பு, எத்தனை நாள் விடுப்பு.
இந்த ஏழும் நானே நிரப்பிவிடுவேன்.
எட்டாவதுக்குத்தான் ஜெபராஜ் சார்
கேபின் கதவிடுக்கில் தலை நீட்டுவார்:
"கவனக்குறைவுன்னு போடும்மா."

பதினோரு வருஷம்.
அந்த ஒரு சொல்லில் மட்டும் என் கையெழுத்து
முத்து முத்தாக வந்துவிட்டது.

அறுபது டன் பிரஸ்ஸுக்கு இரண்டு பச்சை பட்டன்.
இரண்டு கையும் அழுத்தினால்தான் டை இறங்க வேண்டும்.
இடது பட்டன்மேல் ஒரு அஞ்சு ரூபாய்க் காசை வைத்து
இறுக்கி டேப் சுற்றியிருக்கும்.
யார் சுற்றியது என்றால் யாருக்கும் தெரியாது.
டேப் நைந்துபோனால் ஸ்டோரிலிருந்து புது ரோல் வரும்.
அந்த இன்டென்ட்டை டைப் அடிப்பதும் நான்தான்.

ஒரு கை மிச்சமாகிறது அல்லவா,
மிச்சமான கை சும்மா இருக்குமா?
வலது அழுத்தும். இடது
பீஸை வைக்கும் எடுக்கும் வைக்கும் எடுக்கும் வைக்கும்
மணிக்கு முன்னூற்றைம்பது அடி
அறுநூறாகும்.
ஊரில் கார்க் கதவுகளுக்கெல்லாம் கீல் வேண்டும், அவசரமாக.

ஆடி மாசத்துச் செவ்வாய், மூணே முக்கால்.
விரலில் விழுந்த அடி ஆபீசுக்குக் கேட்காது.
தகட்டுக்கும் எலும்புக்கும் பிரஸ்ஸிடம் ஒரே சத்தம்தான்.
சத்தம் நின்றால்தான் எங்களுக்குத் தெரியும்.

முனிரத்தினம், டோக்கன் நூற்றுப் பதினேழு.
கத்தவில்லை. கையை அக்குளில் செருகிக்கொண்டு
"பீஸு வீணாப் போச்சு சார்" என்றான்.

ரஞ்சன் பெஹெரா, ஒடிசாப் பையன்,
டைக்கு அடியில் குனிந்து தேடி எடுத்தான்.
ஒன்றரை விரல்.
என் தயிர்சாத டப்பாவைக் கழுவிக்கொண்டு
கேட்டைத் தாண்டி ஓடினேன்.
கரும்பு ஜூஸ் கடைக்காரர் கோணியை விலக்கி
ஐஸை உடைத்து இரண்டு கையாலும் அள்ளிப் போட்டார்.
எஸ்டேட்டில் ஐஸுக்கு ஓடி வருகிறவர்களிடம்
யாரும் காசு கேட்பதில்லை.

பாடி மேம்பாலத்தில் முக்கால் மணி நேரம் நின்றோம்.
அயனாவரம் இ.எஸ்.ஐ.யில் டாக்டர்
டப்பாவைத் திறந்தார், பார்த்தார், மூடினார்.
"வெட்டுப்பட்டிருந்தா தைக்கலாம்.
இது நசுங்கியிருக்கு."

மறுநாள் பதிவேட்டில் எழுதினேன்.
முத்து முத்தாக.

மூன்று வாரம் கழித்து அவன் மனைவி பூங்காவனம்
கேட் பக்கம் என்னைக் கூப்பிட்டுவிட்டாள்.
டப்பாவைப் புளி போட்டுத் தேய்த்திருந்தாள்.
வெறும் டப்பாவாகத் தரக்கூடாதாம், உள்ளே
பாதிவரைக்கும் சர்க்கரை.
"கவனக்குறைவுன்னு எழுதியிருக்காங்களாமே அக்கா.
ரேஷன் அரிசிய அவரு பொறுக்கினா
ஒரு கல்லு இருக்காது."
வேறெதுவும் கேட்கவில்லை. நாற்பத்தேழு பஸ் வந்தது, போய்விட்டாள்.

அன்று சாயந்திரம் அந்தக் கட்டத்தை அடித்துவிட்டு எழுதினேன்:
ஐந்து ரூபாய் நாணயம், ஒன்று.

ஜெபராஜ் சார் திட்டவில்லை.
"என்னம்மா இது, ஆடிட் வருதுல்ல" என்று
ஒயிட்னரைத் தானே தடவினார்.
குழந்தைக்குச் சூடு ஆற்றுகிறவர் மாதிரி
ஊதி ஊதிக் காயவைத்தார்.
மேலே எழுதச் சொன்னார். எழுதினேன்.
அந்தச் சொல் அன்றைக்குக்
கோணல்மாணலாக வந்தது.

அறுபது டன்னில் இப்போது பெஹெரா.
அஞ்சு ரூபாயும் அங்கேயேதான்.
ஆடிட்டர் வந்தார், பக்கம் புரட்டினார், டீ குடித்தார்.

அந்தக் கட்டம் மட்டும் கொஞ்சம் மேடாக இருக்கிறது.
பார்த்தால் தெரியாது.
விரலால் தடவினால் தெரியும்.